பெருமூச்சு விட்டால் நிற்கும் குதிரை

“இதோட வாய்ல ஒண்ணுமே இல்லையே?”

கேட்டது மாப்பிள்ளையின் அம்மா, வசந்தா மாமி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம், ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் வாசல். மாலை ஆறு மணி. ஆனி மாதத்துப் புழுக்கம். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். மல்லிகை, கற்பூரம், காபி, குதிரைச் சாணம் எல்லாம் கலந்து ஒரு வாசனை.

இன்னும் கால் மணி நேரத்தில் ஜானவாசம் கிளம்ப வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துப் போவதுதான் ஜானவாசம். வழக்கமாகத் திறந்த காரில் போவார்கள். இந்தக் குடும்பம் குதிரை கேட்டிருந்தது.

குதிரையின் பெயர் ஜிகினா. வெள்ளைப் பெண் குதிரை. சொந்தக்காரி தேவி, பட்டினப்பாக்கத்துக்காரி. நான் குதிரையைப் பழக்கியவள். ஒரு காலத்தில் கோடம்பாக்கத்துக் கதாநாயகிகளுக்காகக் குதிரையில் ஏறி டூப் போட்டவள் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

ஜிகினாவின் தலைக்கு ஜரிகை வைத்த முகப்படாம் கட்டி, இரண்டு பக்கமும் சிவப்பு ரிப்பன் தைத்திருந்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் லகான் பிடித்த மாதிரியே இருக்கும். உள்ளே கடிவாளம் கிடையாது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம்.

வசந்தா மாமி வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கையெழுத்தைச் சரிபார்த்த கண். ரிப்பனை இரண்டு விரலால் தூக்கினார். அது குதிரையின் வாய்க்குப் போகாமல் துணியிலேயே முடிவதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“கடிவாளம் இல்லாத குதிரைல எங்காத்துப் பிள்ளையை ஏத்தறேளா?”

தேவி என் முகத்தைப் பார்த்தாள்.

வாய்க்குள் இருந்த காயம்

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால், நாங்கள் ஏன் அப்படி வந்து நின்றோம் என்று சொல்ல வேண்டும்.

தேவியிடம் இரண்டு குதிரைகள். ராஜா என்று ஒரு பழுப்புக் குதிரை, அப்புறம் ஜிகினா. சாயங்காலங்களில் கடற்கரையில் சவாரி, முகூர்த்த நாட்களில் கல்யாண ஊர்வலம். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். குதிரை விஷயத்தில் தலையிட மாட்டார். குதிரைகளும் அவரை மதிப்பதில்லை.

எனக்கும் தேவிக்கும் பழக்கம் கடற்கரையில்தான். சாந்தோமில் என் வீடு. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லாரும் டீச்சர். நான் ஒருத்திதான் தப்பி குதிரை மேல் ஏறினவள். காலையில் நடக்கப் போகும்போது இந்த இரண்டு குதிரைகளையும் பார்த்து நிற்பேன். நின்று பேசி, பேசிச் சிநேகமாகிவிட்டோம்.

ஒரு நாள் காலை தேவி என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றாள். குதிரையோடு.

“எஸ்தரக்கா, இது கொள்ளு துண்ண மாட்டேன்துக்கா. மூணு நாளாச்சு. வாய்ல இன்னாமோ கீது.”

டாக்டரம்மா ஒருவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். குதிரைக்கு முன் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல் இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. கடிவாளத்து இரும்பு அங்கேதான் உட்காரும். ஜிகினாவுக்கு அந்த இடத்தில் ஈறு கிழிந்து, புண்ணாகி, உள்ளே எலும்பு வரைக்கும் போயிருந்தது. நாக்கின் ஓரத்தில் பழைய வெட்டு ஒன்று, ஆறித் தடித்துக் கிடந்தது.

யாரைச் சொல்வது? கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐம்பது பேர் ஏறுவார்கள். பயத்தில் ஒருத்தர் இழுப்பார், ஃபோட்டோவுக்கு ஒருத்தர் இழுப்பார். ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவைதான் இழுத்திருப்பார்கள்.

“நானுந்தான் இஸ்துகீறேன்,” என்றாள் தேவி. குதிரையின் தாடையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இனி இந்த வாய்க்குள் இரும்பு போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். மூக்குக்கு மேல் கயிறு கட்டிப் பார்த்தோம். அதுவும் நடக்கவில்லை. முகத்தில் எது இழுபட்டாலும் வலி வரப்போகிறது என்று ஜிகினா முடிவு கட்டியிருந்தாள். லேசாகக் கயிறு இறுகினாலே தலையை வானத்துக்குத் தூக்கி, முன்னங்கால்களையும் தூக்கிவிடுவாள்.

கடிவாளம் போட முடியாத குதிரையில் யார் ஏறுவார்கள்? ஒரு வாரத்துக்குள் செங்கல் சூளைக்காரர் ஒருவர் விலை கேட்டு வந்துவிட்டார். அவருக்கு வண்டி இழுக்க ஒரு குதிரை வேண்டும். வாயில் இருந்த புண்ணை அவர் பார்க்கக்கூட இல்லை. “ஆடி பொறக்கறதுக்குள்ள சொல்லும்மா” என்று தேவியிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். ஆடியில் கல்யாணம் கிடையாது. குதிரைக்காரர்கள் அந்த மாதத்தில் விலையில் இறங்கி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் தேவியிடம் சொன்னேன். “வாயே வேண்டாம். வாய் இல்லாமலே ஓட்டலாம்.”

தேவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “லகான் இல்லாத குதிர ஓட்றது, பிரேக் இல்லாத ஆட்டோ ஓட்றாமேரிக்கா.”

“உன் வீட்டுக்காரர் அப்படித்தானே ஓட்டறாரு,” என்றேன்.



அறுந்துபோன லகான்

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு பழைய பயத்திலிருந்து வந்தது.

டூப் போட ஆரம்பித்த புதிது. ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரையில் ஷூட்டிங். கதாநாயகியின் பாவாடை தாவணியில் நான். துரை என்று ஒரு பெரிய குதிரை. நாலு கால் பாய்ச்சலில் வந்து கேமராவுக்கு இருபது அடி முன்னால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

பாதி ஓட்டத்தில் லகான் அறுந்தது. வெயிலில் காய்ந்து போன தோல். பட்டென்று ஒரு பக்கம் என் கையோடு வந்துவிட்டது. முன்னால் கேமரா, அதற்குப் பின்னால் நாற்காலியில் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் ஒருவர் டீ விநியோகித்துக்கொண்டிருந்தார். அந்த டீக் கிளாஸ்கள்கூட இன்னும் கண்ணில் நிற்கின்றன.

கத்தியிருக்க வேண்டும். கத்தத் தெம்பில்லை. உடம்பிலிருந்த காற்று முழுக்க ஒரே மூச்சாக வெளியே போய்விட்டது. தோள் தொங்கியது, இடுப்பு கனத்துச் சேணத்தில் மூட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டேன். இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

துரை நின்றான். நாலே எட்டில் வேகத்தைக் குறைத்து, சரியாகச் சொன்ன இடத்தில் நின்றான். ஸ்டண்ட் மாஸ்டர் கைதட்டினார். “பொண்ணு என்னா கன்ட்ரோல் பாரு” என்றார். நான் அறுந்த வாரைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்புறம் பல நாள் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் லகானை இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால் நான் மூச்சை விட்டு, கனத்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாமலே. துரைக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது. வாயில் இழுப்பு விழுவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டால் வலி மிச்சம் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். அதுவரைக்கும் நான் இழுத்ததெல்லாம் வீண்.

மக்காச்சோளமும் திருவிழா வாத்தியமும்

பெசன்ட் நகரில், கூட்டம் இல்லாத ஓரமாகப் பார்த்து, காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். தேவியின் பழைய காட்டன் சேலை ஒன்றைக் கிழித்துப் பின்னி, ஜிகினாவின் கழுத்தில் தளர்வாக ஒரு வளையம் போட்டோம். முகத்தில் எதுவும் இல்லை. கயிறு கழுத்தின் வலது பக்கத்தைத் தொட்டால் இடது பக்கம் திரும்ப வேண்டும். இடது பக்கம் தொட்டால் வலது பக்கம். நிற்க வேண்டும் என்றால் மூச்சை விட்டுக் கனத்து உட்காருவேன். நின்றால் கழுத்தைத் தடவிக் கொடுப்பேன். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது.

முதல் வாரம் ஜிகினா தன் இஷ்டத்துக்குத்தான் போனாள். ஒரு நாள் நேராகக் கடலுக்குள் போய் முழங்கால் தண்ணீரில் நின்று அலையை வேடிக்கை பார்த்தாள். இன்னொரு நாள் மக்காச்சோள வண்டிக்குப் போய், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மாளின் கூடையில் வாயை வைத்தாள். நான் அவள் முதுகில் உட்கார்ந்தபடி அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் கூட்டம் ஒன்று தினமும் எங்களுக்காகவே சிமெண்ட் பெஞ்சில் காத்திருக்கும். நான் மணலில் விழுந்தால் எழுந்து நிற்பார்கள், அடிபடவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை. நடந்து போய்க்கொண்டிருந்தோம். நான் மூச்சை விட்டேன். ஜிகினா நின்றாள். காதைப் பின்னால் திருப்பி, ‘இதானே?’ என்று கேட்கிற மாதிரி ஒரு நொடி இருந்தாள்.

தேவி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் கழுத்தை இல்லை.

அதற்குப் பிறகு தேவியையும் ஏற்றிப் பழக்கினேன். என்னைவிட அவளுக்குச் சீக்கிரம் வந்தது. “இன்னாக்கா இது, மன்ஸ்ல நெனச்சாலே திரும்புது,” என்றாள். மனசில் நினைக்கும்போது இடுப்பு திரும்புகிறது, அது குதிரைக்குத் தெரிகிறது என்று விளக்கினேன். “அத்தான் நானும் சொல்றேன்,” என்றாள்.

ஆனால் கடற்கரை வேறு, கல்யாண ஊர்வலம் வேறு. அங்கே தவில், பட்டாசு, கூட்டம். சத்தம் பழக வேண்டும். தேவியின் வீட்டுக்காரர் ஆட்டோவை ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் ஓட்டினார். அந்த ஒரு வேலையை மட்டும் உற்சாகமாகச் செய்தார். எங்கள் பக்கத்துத் தெருவில் அந்தோணியார் திருவிழாத் தேர் வந்தபோது, வாத்தியமும் வெடியுமாக ஊர்வலம் போகப் போக, தெருமுனையில் ஜிகினாவை நிறுத்தினோம். முதல் வெடிக்கு நடுங்கினாள். ஐந்தாவது வெடிக்குத் தேவியின் தோளில் மூக்கை வைத்தாள். பத்தாவது வெடிக்கு என் கைப்பையில் இருந்த கேரட்டைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

சரி, தயார் என்று தோன்றியது. அந்த வருஷத்து ஆனியில் மிச்சம் இருந்த ஒரே ஜானவாசத்துக்கு ஒப்புக்கொண்டோம். கடிவாளம் கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேறு குதிரை பார்த்துக்கொள்வார்கள் என்று பயம். அது எங்கள் தப்பு, சந்தேகமில்லை.

“பிரேக் எது?”

ஆக, பிள்ளையார் கோயில் வாசலில் வசந்தா மாமி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்ல இரண்டு வழி யோசித்தேன். அந்தக் கண்ணுக்கு முன்னால் இரண்டும் நிற்காது. முகப்படாத்தைத் தூக்கி, ஜிகினாவின் கீழ் உதட்டை மெதுவாக விலக்கி, தழும்பைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முன்னாடியே சொல்லாதது தப்பு என்றும் சொன்னேன்.

மாமி குனிந்து அந்தத் தழும்பை ரொம்ப நேரம் பார்த்தார்.

“பிரேக் எது?” என்றார்.

“மூச்சு, மாமி.”

“ஓட்டிக் காமிங்கோ.”

சல்வாரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினேன். ஐம்பது வயதுக்கு மேல், தெருவில், சம்பந்திக் கூட்டத்துக்கு நடுவில் குதிரை ஏறுவது அழகான காட்சி இல்லை. ஒரு பக்கம் மெட்ரோ வேலைக்குப் போட்ட தகர வேலி, ஒரு பக்கம் வரிசையாக நிறுத்திய ஸ்கூட்டர்கள். கழுத்துச் சேலையை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் போய்த் திரும்பினேன். எதிரே தண்ணீர் லாரி வந்தது. மூச்சை விட்டேன், நின்றாள். பின்னால் சாய்ந்தேன், இரண்டு எட்டு பின்னுக்குப் போனாள். லாரி போனதும் நடந்து வந்து மாமிக்கு முன்னால் நின்றாள்.

மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாழியாறது. ஏத்துங்கோ,” என்றார். அப்புறம் தேவியிடம், “நீ அவன் பக்கத்துலயே வரணும், புரியறதா?” என்றார்.

மாப்பிள்ளை ஸ்ரீகாந்த் கோட்டு, டை, கழுத்து நிறைய மாலை. ஏற்றிவிட்டோம். தேவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஜிகினா மகாராணி மாதிரி கிளம்பினாள்.

பத்தடி போனதும் நின்றாள்.

ஏழு இடத்தில் நின்ற ஊர்வலம்

தேவி நாக்கைச் சொடுக்கினாள். நடந்தாள். தெரு முனையில் மறுபடி நின்றாள். பூக்கடைக்கு எதிரே நின்றாள். பையனின் சிநேகிதர்கள் சரவெடி கொளுத்தினார்கள். ஜிகினா காதைக்கூட அசைக்காமல் அதைத் தாண்டிப் போனாள். தாண்டி, அமைதியான இடத்தில் நின்றாள். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. தவில்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா ஆச்சுக்கா இதுக்கு?” என்றாள் தேவி. அவள் கண்ணில் சூளைக்காரர் தெரிந்தார். எனக்கும்தான்.

காலைப் பார்த்தேன், லாடத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஐந்தாவது தடவை நின்றபோதுதான் தற்செயலாக மேலே பார்த்தேன்.

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆழமாக, தோள் தொங்க, உடம்பு மொத்தமும் சேணத்தில் அமுங்க. பெசன்ட் நகரில் நான் எப்படிப் பழக்கினேனோ அப்படியே. ஜிகினா ஒரு தப்பும் செய்யவில்லை. நாங்கள் கற்றுக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து செய்துகொண்டிருந்தாள்.

“தம்பி, பெருமூச்சு விடாதீங்க. விட்டா இவ நின்னுடுவா,” என்றேன்.

“நான் விடலையே, ஆன்ட்டி,” என்றார். சொல்லிவிட்டு, ஜிகினா நாலு எட்டு நடந்ததும் ஒன்று விட்டார். நின்றாள். ஆறாவது.

“பயமா இருக்கா?”

“குதிரைகிட்ட பயமில்லை.”

ஏழாவது தடவை நின்றபோது வசந்தா மாமி பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். “இப்ப என்ன?”

நான் மறுபடியும் பொய் சொல்லத் தயாராக இல்லை. “குதிரைல ஒரு கோளாறும் இல்லை மாமி. தம்பி பெருமூச்சு விடறார். அதை விட்டா இது நிக்கும். அப்படித்தான் பழக்கியிருக்கு.”

மாமி நிமிர்ந்து மகனைப் பார்த்தார். “நீ எதுக்குடா பெருமூச்சு விடறே?”

நாதஸ்வரம் போய்க்கொண்டே இருந்தது. ஸ்ரீகாந்த் மாலைக்கு நடுவிலிருந்து அம்மாவைப் பார்த்தார். குதிரை மேலிருந்து எங்கேயும் ஓட முடியாது.

“அம்மா, கல்யாணத்துக்கப்புறம் நான் நம்மாத்துல இருக்கப் போறதில்லை. அடையார்ல, பொண்ணாத்துல இருக்கப் போறேன். அவ அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து தனியா விட முடியலை. ரெண்டு மாசமா உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

நானும் தேவியும் தரையைப் பார்த்தோம். அந்த நேரத்தில் நாங்கள் இருக்க வேண்டிய இடம் அது இல்லை. ஆனால் குதிரையை விட்டுப் போகவும் முடியாதே.

மாமி குதிரையின் கழுத்தில் கையை வைத்தார். அப்புறம், “அந்தப் பொண்ணு என்கிட்ட நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளே சொல்லிட்டா,” என்றார்.

“என்னது?”

“ஆத்துக்கே வந்து, சோபால உக்காந்து, காபி சாப்டுண்டே சொன்னா. நான் சரின்னுட்டேன். நீயா வாயைத் திறக்கறயான்னு பார்த்துண்டிருந்தேன். இந்தக் குதிரை இல்லேன்னா நாளைக்குத் தாலி கட்டற வரைக்கும் திறந்திருக்க மாட்டே.”

ஸ்ரீகாந்த் அம்மாவையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். மாலை குலுங்கியது.

“அடையார் என்ன அமெரிக்காவா? நேரா உக்காரு. பொண்ணாத்துக்காரா ஆரத்தி கரைச்சு வச்சுண்டு நிப்பா,” என்று சொல்லிவிட்டு மாமி முன்னால் நடந்தார். போகிற வழியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மகன் பார்க்கவில்லை.

அங்கிருந்து மண்டபம் வரைக்கும் ஜிகினா ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

பந்தியில்

எங்களையும் சாப்பிடச் சொல்லிவிட்டார் மாமி. குதிரையை வாசலில் வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு, தேவியின் வீட்டுக்காரரைக் காவல் வைத்துவிட்டு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். தேவிக்கு நல்ல பசி. அரிசி உப்புமாவும் கொத்சுவும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

மாமியின் அண்ணா ஒருவர் இலைக்கு எதிரே வந்து நின்று, ஆவணியில் தன் பேரன் பூணூலுக்கு இதே குதிரை கிடைக்குமா என்று கேட்டார். “அந்தக் கடிவாளம் இல்லாத குதிரைதான் வேணும். வேற அனுப்பிடாதீங்கோ,” என்றார். தேவி தலையாட்டினாள். வாய் நிறைய உப்புமா.

அவர் நகர்ந்ததும் தேவியின் ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினாள். சூளைக்காரர். ஆடிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

தேவி இடது கையால் எடுத்தாள். “சொல்லுண்ணே,” என்றாள். அந்தப் பக்கம் அவர் நெடுநேரம் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே வலது கையால் இலையில் மிச்சமிருந்த கொத்சுவை வழித்தாள்.

“இல்லண்ணே. அது வேலைக்குப் போய்க்கினு கீது,” என்றாள். ஃபோனை வைத்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு மோர் கேட்டாள்.